கரண்ட் போனால் பேய்க்கதை

காலை பதினொன்று இருபது. நான் முதலில் பார்த்தது ஒரு துண்டை. ஆண்கள் தோளில் போடும் நீலக்கரைத் துண்டு. அது அத்தையின் தலையைச் சுற்றி, காதுக்கு மேலே முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டிருந்தது. இடது பக்கம் துணி பழுப்பு நிறமாகக் காய்ந்து விறைத்திருந்தது. அதற்குப் பிறகுதான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன்.

நேரத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டின் பின்பக்கம் அப்பா நாலு விசைத்தறி போட்டிருந்தார். கரண்ட் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் தறிக்கூடத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைப்பது அவர் வழக்கம். அன்று எழுதிவிட்டுத் திரும்பியபோது அத்தை வாசலில் நின்றாள். கையில் பை இல்லை. காலில் செருப்பு இல்லை. வாசுதேவநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

"என்னட்டி இது?" என்றார் அப்பா.

"படித்துறைல வழுக்கிட்டுண்ணே."

"பாத்து எறங்கப்பிடாதா? மாப்ள வரலயா?"

"வரல."

அம்மா துண்டை அவிழ்த்தாள். அது சுலபமாக வரவில்லை. வெந்நீர் விட்டு ஊறவைத்துத்தான் பிரித்தாள். இடது காதுக்கு மேலே உள்ளங்கை அளவுக்கு முடி இல்லை, தோலும் இல்லை. அம்மா மஞ்சள் அரைக்கப் போனாள்.

நம் வயதுக்காரர்களான நீங்கள் சந்திக்கும்போதெல்லாம் என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறீர்கள். பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் பேரப்பிள்ளைகளோடு இருக்காமல், முகம் தெரியாத இளைஞர்கள் நடத்தும் இணைய இதழுக்குத் திகில் சிறுகதைகளைப் படித்து மதிப்புரை எழுதிக்கொண்டிருக்கிறாளே, இந்த வயதில் பேய் பிசாசு எதற்கு என்கிறீர்கள். நான் இந்த வேலையைத் தொடங்கியது இப்போது அல்ல. பத்து வயதில், அந்தக் கோடை விடுமுறையில், அந்தத் தறிக்கூடத்தில் தொடங்கினேன்.

தறி ஓடும்போது கூடத்தில் பேச முடியாது. நாலும் ஒன்றாக அடித்தால் மார்பெலும்பு அதிரும். நாடா என்று ஒரு கட்டை உண்டு. படகு வடிவம், இரண்டு முனையிலும் இரும்புக் கூர். வயிற்றில் நூல் சுற்றிய தார்க்குச்சியைச் சுமந்துகொண்டு, விரித்த நூலுக்கு நடுவே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறக்கும். சில சமயம் பாதை தவறி வெளியே தெறிக்கும். எங்களிடம் தறி ஓட்டிய ஒருவருக்கு அப்படித் தெறித்து ஒரு கண் போயிருந்தது. மிச்சக் கண்ணை வைத்துக்கொண்டு அவர் தறி ஓட்டினார். அதை யாரும் விபத்து என்றுகூடச் சொன்னதில்லை.

சுவரோரம் ராட்டைகள் இருந்தன. அந்த நாடாவுக்குள் வைக்கும் குச்சிகளில் நூல் சுற்றுவது பெண்களின் வேலை. அம்மா சுற்றுவாள். குருவிகுளத்தாள் சுற்றுவாள். அவள் கரிசல் காட்டில் ஆடு வளர்க்கும் குடும்பத்தில் பிறந்து எங்கள் தெருவுக்கு வாக்கப்பட்டவள். ஆட்டை அறுத்து, தொங்கவிட்டு, தோலை ஒரு கிழிசல் இல்லாமல் உரித்தெடுப்பாள். மூன்றாவது ஆள் கடையநல்லூர் அக்கா. கணவர் சவூதியில். முந்தானையைத் தலையில் போட்டிருப்பாள். பயம் வந்தால் அது நெற்றிக்கு இறங்கும். அதிகமானால் மூக்குவரை வரும்.

ராட்டைக்குக் கரண்ட் வேண்டாம். கையால் சுற்றுவது. ஆகவே கரண்ட் போனதும் தறிக்காரர்கள் டீக்கடைக்குப் போய்விடுவார்கள், பெண்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அந்த அமைதியில்தான் நான் வாசிப்பேன். துணிக் கட்டு பொதிவதற்காக அப்பா பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிப் போட்ட வாரப் பத்திரிகைகள் மூலையில் குவிந்து கிடந்தன. அதில் பேய்க்கதை வந்த தாள்களை மட்டும் நான் பொறுக்கி வைத்திருந்தேன். மற்ற கதைகளையும் வாசித்துப் பார்த்தோம். காதல் கதை என்றால் குருவிகுளத்தாள் கொட்டாவி விடுவாள். "கரண்ட் போனா பேய்தான்ட்டி வரணும்" என்பாள்.

வாசித்து முடித்ததும் மதிப்பெண். நடுவில் ஒரு பனையோலைக் கூடை. பயந்தவள் தன் முன்னால் கிடக்கும் வெறும் தார்க்குச்சி ஒன்றை எடுத்துக் கூடையில் போட வேண்டும். பயம் வராதவள் போட மாட்டாள். வாசிப்பவளுக்குக் குச்சி கிடையாது. கதைக்கு முன்பு கூடையைக் காலி செய்வது மட்டும் என் வேலை. வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், மல்லிகை வாசனை எல்லாம் வந்த ஒரு கதைக்கு ஒரு குச்சிகூட விழவில்லை. "நம்ம பூ மார்க்கெட்டுல விடிய விடிய மல்லியப்பூ வாசந்தான். அங்கன எந்தப் பேய் நிக்கி?" என்று கேட்டாள் கடையநல்லூர் அக்கா.

காயம் ஓரளவு ஆறியதும் அத்தையும் ஒரு ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்தாள். தலையில் துணியைச் சுற்றியே இருந்தாள். முதல் நாள் நான் வாசித்தது ஒரு கசாப்புக் கடைக்காரன் கதை. தராசில் தொங்கவிட்ட இறைச்சி ஒவ்வொரு காலையும் எடை கூடியிருக்கிறது. ஒரு நாள் அவன் மனைவியைக் காணவில்லை. கடைசியில் அவன் கத்தியாலேயே யாரோ அவன் நெற்றியைப் பிளக்கிறார்கள். "நெற்றியில் ரத்தம் ஒரு ரோஜாவாக மலர்ந்தது" என்று வாசித்தேன்.

"நிறுத்துட்டி," என்றாள் அத்தை. "ரத்தம் மலராது. மொதல்ல புருவத்துல வந்து தங்கி நிக்கும். பெறகு கண்ணுக்குள்ள எறங்கும். எரியும். அந்தக் கண்ணு மூடிக்கிடும். அடுத்த அடி அந்தப் பக்கமிருந்து வந்தா தெரியாது. அதுல்லா பயம்."

குருவிகுளத்தாள் ராட்டையை நிறுத்தி அவளைப் பார்த்தாள். "இவ சொல்லுதது சரி. எழுதுனவன் ஒரு கோழி கழுத்தத் திருகிப் பாத்திருக்க மாட்டான்."

அன்றிலிருந்து அத்தை சொல்வதுதான் தீர்ப்பு. அவள் குச்சி விழுந்தால் மற்றவர்கள் யோசித்துப் போட்ட குச்சிகளுக்கு மதிப்பு வரும். பேய் கதவை மெதுவாகத் திறந்தது என்று ஒரு கதையில் வந்தபோது, "மெதுவாத் தொறந்தா அது புது ஆளு. பழகுன கைன்னா சாதாரணமாத் தொறக்கும். அந்தச் சாதாரணத்த எழுதணும்" என்றாள். அவள் கேட்கும்போது கை நிற்காது. நூல் அறாது. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. நல்ல விமர்சகியை அப்படிக் கேட்பதில்லை.

ஒரு கதை அவளை எழுப்பிவிட்டது. கிணற்றில் வாளி இறக்கும் பெண்ணுக்குத் தினமும் வாளியோடு கொஞ்சம் முடி வருகிறது. நாளுக்கு நாள் நீளமாகிறது. கயிற்றுக்குப் பதிலாக முடியைப் பிடித்து அவள் இழுக்கும் இடம் வந்தபோது அத்தை எழுந்து வெளியே போனாள். கொல்லையில் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "ஏட்டி, விசேஷமா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து போனாள்.

"இல்ல மதினி."

"எத்தன நாளு தள்ளிருக்கு?"

"இல்லங்கேம்லா."

அம்மா நம்பவில்லை. வாசுதேவநல்லூர்ப் பக்கம் போகும் பஸ் கண்டக்டர் ஒருவர் மூலம் மாமாவுக்குச் சொல்லி அனுப்பினாள். நல்ல சேதி என்று நினைத்துத்தான் அனுப்பினாள்.

மாமா அல்வாவும் மிக்சரும் வாங்கிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. அம்மா செம்பில் தண்ணீர் கொடுத்தாள். வாசலில் நின்று கால் கழுவினார். விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, கணுக்கால் என்று ஒவ்வொன்றாக. அவ்வளவு சுத்தமாகக் கால் கழுவும் மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் தலையைத் தடவி, "நல்லா படிக்கியா மக்கா?" என்றார். குரல் தாழ்ந்த, இனிமையான குரல்.

விசேஷம் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் அவர் முகத்தில் ஏமாற்றம்கூட இல்லை. அப்பாவிடம் சொன்னார்: "மச்சான், நான் சொல்லலாமான்னு யோசிச்சேன். ஒங்க தங்கச்சி பேய்க்கத படிச்சிப் படிச்சி தூக்கத்துல எந்திரிச்சி ஓடுதா. படித்துறைல வுழுந்ததும் அப்படித்தான். இங்கனயும் அதத்தான் படிக்காளாம்லா?"

அப்பா மூலையில் கிடந்த தாள் குவியலைப் பார்த்தார். அத்தை முந்தின நாள் மதியம் கண்ணயர்ந்தபோது அலறியது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"வார வெள்ளிக்கெழம நாளு நல்லாருக்கு. வந்து கூட்டிட்டுப் போறேன்," என்றார் மாமா.

அவர் போன பிறகு அத்தை அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். "நான் போகலண்ணே."

"ஏன்?"

"அடிக்காரு."

"எந்த வீட்டுல அடிக்கல? நானுந்தான் ஒங்க மதினிய ரெண்டு போட்டிருக்கேன். அவ என்ன பஸ் ஏறிப் போயிட்டாளா?"

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இது அந்த அடி இல்லண்ணே."

"அடியில என்னட்டி அந்த அடி, இந்த அடி? கதையப் படிச்சிப் புத்தி கெட்டுப் போயிட்டு ஒனக்கு."

நான் சேர்த்து வைத்திருந்த தாள்கள் அத்தனையையும் அப்பா நூலுக்குக் கஞ்சி காய்ச்சும் அடுப்பில் திணித்தார். கசாப்புக் கடைக்காரனும் கிணற்று முடியும் முடிவு கிழிந்துபோன இன்னும் பல கதைகளும் எரிந்தன. வண்ண அட்டைகள் பச்சையாக எரிந்தன. அவர் கெட்டவர் அல்ல. மகளும் தங்கையும் பயந்துபோகக் கூடாது என்று நினைத்தார். துணி பொதிய அதன் பிறகு அச்சடிக்காத பழுப்புத் தாள் வாங்கினார்.

புதன்கிழமை மதியம் கரண்ட் போனது. ஆண்கள் டீக்கடைக்குப் போனார்கள். ராட்டைச் சத்தம் மட்டும் இருந்தது.

"வாயில மண்ணப் போட்ட மாதிரில்லா இருக்கு," என்றாள் குருவிகுளத்தாள். "கத இல்லாம கை ஓட மாட்டேங்கி. ஏட்டி, ஞாபகத்துல ஏதும் இல்லயா?"

நான் உதட்டைப் பிதுக்கினேன்.

"நான் ஒண்ணு சொல்லுதேன்," என்றாள் அத்தை.

கடையநல்லூர் அக்கா முந்தானையைத் தயாராக இழுத்துவிட்டுக்கொண்டாள். அத்தை ராட்டையை நிறுத்தவில்லை. நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒருத்தி இருந்தா. மலையடில, குளத்துக்கர வீடு. அவ வீட்டுக்காரன் சத்தம் போட மாட்டான். குடிக்க மாட்டான். வயல்ல இருந்து வருவான், காலக் கழுவுவான், கதவச் சாத்துவான். ஜன்னல் பக்கம் வந்து உக்காருன்னு சொல்லுவான். அவ வந்து உக்காருவா. ஒரு செம்புல தண்ணி மோந்துட்டு வருவான். அவ தலைல ஊத்துவான். சாமிக்கு ஊத்துத மாதிரி, மெதுவா, ஒரு சொட்டு வெளிய சிந்தாம."

"எதுக்கு?" என்றாள் அம்மா.

"காஞ்ச முடி கம்பில நிக்காது மதினி. வழுக்கி உருவிக்கிடும். ஈர முடி முடிச்சு வுழுந்தா நிக்கும். கையில மூணு சுத்து சுத்துவான். பெறகு ஜன்னல் கம்பில கட்டுவான். கட்டிட்டு, சோறு போட்டு எடுத்துட்டு வந்து அவளுக்கு எதுக்க உக்காந்து சாப்பிடுவான். கொழம்புல உப்பு சரியா இருக்குன்னு சொல்லுவான். கையக் கழுவுவான். பெறகு எந்திரிப்பான்."

"எந்திரிச்சி?"

"அடிப்பான். முடி காயுதது வரைக்கும்."

நூல் ஒன்று அறுந்து, கடையநல்லூர் அக்காவின் ராட்டை வெறுமனே சுற்றியது.

"முடிவு என்ன?" என்றாள் குருவிகுளத்தாள்.

அத்தை வாயைத் திறந்தாள். அப்போது கரண்ட் வந்தது. தறிகளுக்கு மேலே எரிந்த குண்டு பல்பில் எல்லோர் முகமும் தெரிந்தது. தறிக்காரர்கள் வந்து சேர்வதற்குள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். குருவிகுளத்தாள் குச்சியைக் கையில் எடுத்தாள். எடுத்து, திரும்ப மடியில் வைத்துக்கொண்டாள்.

"கத நல்லாத்தான் போவுது. ஆனா நம்பும்படியா இல்லட்டி. கோவம் வந்தவன் அடிப்பான். கைல கெடச்சத எடுத்து அடிப்பான். எங்கய்யா ஏர்க்கம்ப எடுத்து அடிச்சவருதான். தண்ணி மோந்து ஊத்திச் சோறு திங்குத அளவுக்கு நிதானம் இருக்கவன் எதுக்கு அடிக்கான்?"

"ஆமா. பேயும் இல்ல, பிசாசும் இல்ல," என்றாள் கடையநல்லூர் அக்கா. ஆனால் முந்தானை மூக்குவரை இறங்கியிருந்தது.

அம்மா கூடையைப் பார்த்தாள். அவள் கையில் குச்சி இருந்தது. இறுக்கிப் பிடித்திருந்தாள். அத்தை அவளையே பார்த்தாள். அம்மா அந்தக் குச்சியில் நூலைக் கோத்துச் சுற்றத் தொடங்கினாள்.

கூடை காலியாகவே இருந்தது. தறிகள் ஓடத் தொடங்கின.

அந்தக் கதை யாருடையது என்று தெரியாமல் தீர்ப்புச் சொன்னார்களா, தெரிந்துதான் சொன்னார்களா என்று எனக்கு இன்றும் தெரியாது. அவர்கள் அறிந்த அடியெல்லாம் கோபத்தில் விழுந்த அடி. அதற்கு ஒரு சத்தம் உண்டு, ஒரு சூடு உண்டு, மறுநாள் ஒரு வருத்தமும் உண்டு. இது எதுவும் இல்லாத அடியை அவர்கள் எந்தக் கதையிலும் கேட்டதில்லை. இப்போது எனக்கு வரும் கதைகளில் குடல் சரிகிறது, தலை உருள்கிறது. நான் குறிப்பெழுதும்போது தேடுவது வேறு. அடிப்பதற்கு முன்பு அவன் என்ன செய்தான் என்று பார்க்கிறேன். பெரும்பாலும் அது எழுதப்பட்டிருப்பதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கரண்ட் போய், தறிக்காரர்கள் கிளம்பி, அப்பா சுவரில் 2-40 என்று எழுதிக்கொண்டிருந்தபோது மாமா வந்தார். அதே வெள்ளை வேட்டி சட்டை. நேராகக் கூடத்துக்கே வந்துவிட்டார். வீட்டு மாப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய முறைப்படி அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அண்ணாந்து, உதட்டில் படாமல் இரண்டு மடக்குக் குடித்தார்.

"கெளம்பலாமா?" என்றார்.

அத்தை ராட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "வரல."

"கெளம்புட்டி. பிடிவாதம் பிடிக்காத," என்றார் அப்பா.

"வரலண்ணே."

"நீங்க இருங்க மச்சான்," என்றார் மாமா. சிரித்தார். "எனக்குப் பழக்கந்தான்."

அத்தைக்குப் பின்னால் போய் நின்றார். தலைத் துணியை உருவிக் கீழே போட்டார். இடது காதுக்கு மேலே தோல் இளஞ்சிவப்பாக, பளபளப்பாக இருந்தது. அந்த இடத்தை அவர் பார்த்த மாதிரியே தெரியவில்லை. செம்பைச் சாய்த்தார். மிச்சத் தண்ணீரை அத்தையின் உச்சியில், மெதுவாக, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் ஊற்றினார்.

ராட்டைகள் நின்றன.

"தண்ணி ஊத்துதான்," என்றாள் குருவிகுளத்தாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பத்திரிகையில் அடுத்த வரியை வாசிப்பவள் மாதிரி சொன்னாள். "ஏட்டி, தண்ணி ஊத்துதான்."

மாமா செம்பைக் கீழே வைத்தார். ஈர முடியைக் கையில் சுற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று. முகத்தில் கோபம் இல்லை. ஒரு சாக்கின் வாயைக் கட்டுபவரின் கவனம்தான் இருந்தது. அத்தையை இழுத்து எழுப்பி, பக்கத்துத் தறியின் இரும்புச் சட்டத்தில் அவள் நெற்றியை ஒரு முறை மோதினார். பலமாகக்கூட இல்லை. ரத்தம் வந்தது. அது புருவத்தில் தங்கி நின்றது. பிறகு கண்ணுக்குள் இறங்கியது. அத்தை அந்தக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்பா, "மாப்ள" என்றார். அவ்வளவுதான் வந்தது.

குருவிகுளத்தாள் எழுந்தாள். நின்றிருந்த தறியிலிருந்து நாடாவை எடுத்தாள். அவசரப்படவில்லை. ஆட்டுக்குக் கத்தியை எங்கே வைப்பது என்று பார்ப்பவள் போல இடம் பார்த்தாள். பிறகு கீழ்த்தாடையில் அடித்தாள். பச்சை விறகு முறியும் சத்தம் கேட்டது. மாமாவின் வாய் ஒரு பக்கமாகப் போனது. ஆனால் கை முடியை விடவில்லை. அத்தையும் சேர்ந்து சாய்ந்தாள்.

கடையநல்லூர் அக்கா, "யா அல்லா, யா அல்லா" என்று அழுதுகொண்டே ராட்டையின் இரும்புக் கைப்பிடியைக் கழற்றி அவர் முழங்காலில் அடித்தாள். அழுகைக்கும் அடிக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இரண்டும் தனித்தனியாக நடந்தன. அவர் மண்டியிட்டார். அம்மா நூல் வெட்டும் கத்தரியை எடுத்தாள். நான் அவள் குத்தப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அவர் கைக்கும் அத்தையின் தலைக்கும் நடுவே கத்தரியை நுழைத்து முடியை வெட்டினாள். ஈர முடி ஒரே வெட்டில் வராது. கொத்துக் கொத்தாக, பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். கடைசிக் கொத்து அறுந்ததும் அத்தை பின்னால் விழுந்தாள். அம்மா அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மாமா தரையில் இருந்தார். கையில் முடி அப்படியே சுற்றியிருந்தது. குருவிகுளத்தாள் குனிந்து அந்தக் கையைத் தரையில் விரித்து வைத்தாள். மறுபடியும் நாடாவை ஓங்கினாள். விரல்களின் மேல். அவள் நிறுத்தியபோது வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்கச் சிவந்திருந்தது. இரண்டு பல் தறிக்கு அடியில் கிடந்தன. அங்கே எப்போதும் பஞ்சுத் தூசி படிந்திருக்கும். அவை அதில் ஒட்டிக்கொண்டிருந்தன.

அப்பா அதே இடத்தில், கையில் சாக்பீஸோடு நின்றார். அத்தையின் தலையைப் பார்த்தார். தறிச் சட்டத்தைப் பார்த்தார். காலிச் செம்பைப் பார்த்தார். படித்துறையில் வழுக்கினால் எங்கே அடிபடும் என்று அப்போதுதான் யோசித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பிறகு, "நாடா தெறிச்சிட்டு," என்றார்.

அம்மா அத்தையின் நெற்றியில் முந்தானையை அழுத்திப் பிடித்தாள்.

"ஓடுத தறியில இருந்து நாடா தெறிச்சி மாப்ளைக்குப் பட்டுட்டு. கேட்டியளா எல்லாரும்?"

டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். மாமாவை டாக்சியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூடத்தைக் கழுவிவிட்டார்கள். சாயங்காலம் வெயில் தாழும் நேரத்தில் ஏட்டையா வந்தார். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"எத்தன மணிக்கு அண்ணாச்சி?"

"ரெண்டே முக்கால் இருக்கும்," என்றார் அப்பா.

"ரெண்டே முக்காலுக்கு ஸ்டேஷன்ல பேன் ஓடலயே. ஊருக்கே கரண்ட் இல்லல்லா?"

அப்பா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். தோள் துண்டு சுவரில் உரசிக்கொண்டிருந்தது. அவர் நகர்ந்தபோது 2-40 இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத் தீற்றல்தான் இருந்தது.

"கரண்ட் இல்லாம நாடா எப்படி அண்ணாச்சி தெறிக்கும்?"

"பேய் ஓட்டிருக்கும் ஏட்டையா," என்றாள் குருவிகுளத்தாள். நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கரண்ட் போனா இங்கன பேய் வரும். ஊருக்கே தெரியும்."

ஏட்டையா அவளைப் பார்த்தார். பிறகு மூலையில் உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்தார். காதுக்கு மேலே தழும்பு, நெற்றியில் கட்டு, கத்தரியால் தாறுமாறாக வெட்டிய முடி. அவர் அங்கே பார்த்துக்கொண்டிருந்த நேரம் கொஞ்சம் அதிகம். குடிக்கத் தண்ணீர் கேட்டார். அம்மா வேறு செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"நாடா தெறிக்குத தறிய எதுக்கு அண்ணாச்சி ஓட்டுதிய? சரிபண்ணுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமா வாயைத் திறந்து பேச ரொம்ப நாள் ஆயிற்று. பேச முடிந்த பிறகும் அவர் பேசவில்லை. மூன்று பெண்கள் அடித்தார்கள் என்று எந்த ஆணும் ஸ்டேஷனில் போய் எழுதிக்கொடுக்க மாட்டான். அவர் ஆட்கள் ஒரு முறை பஞ்சாயத்துப் பேச வந்தார்கள். அப்பா வாசலிலேயே நிறுத்தி, கால் கழுவத் தண்ணீர் கொடுக்காமல் திருப்பி அனுப்பினார். அத்தை எங்கள் வீட்டிலேயே இருந்தாள். தறி விற்றுப்போகும்வரை நூல் சுற்றினாள். இப்போதும் இருக்கிறாள். முடியைக் கழுத்துக்குக் கீழே வளரவிட்டதில்லை. எனக்கு வரும் கதைகளில் சிலவற்றைப் போனில் வாசித்துக்காட்டுவேன். பெரும்பாலும், "குச்சி போடாதட்டி" என்பாள்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பல நாள் கூடத்தில் கதை வாசிக்கவில்லை. தாள்கள் எரிந்துவிட்டன, கேட்கவும் யாருக்கும் மனம் இல்லை. ஆனாலும் கூடம் பெருக்குவது என் வேலைதான். மறுநாள் காலை, தறிக்காரர்கள் வருவதற்கு முன்பு விளக்குமாறு எடுத்துக்கொண்டு போனேன். ராட்டைகள் சுவரோரம் இருந்தன. கைப்பிடி ஒன்று திரும்ப மாட்டப்பட்டிருந்தது. நடுவில் பனையோலைக் கூடை இருந்தது. அதில் மூன்று தார்க்குச்சிகள் கிடந்தன.